முக்காடு, பீடப்பணி, பாதம் கழுவுதல்: ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியையிடம் கேளுங்கள்

திண்டுக்கல் வாசகி: முக்காடு போடாமல் பூசைக்குப் போவது பாவமா?

பாவம் இல்லை. 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1262ஆம் பிரிவு, பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும், அதிலும் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கப் போகும்போது என்றது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விதி கிடையாது. என் அம்மா நாக்கை நீட்டி நன்மை வாங்கும்போதும் இடது கையால் முந்தானையைப் பிடித்திருப்பார். சட்டம் போன பிறகும் அவர் விடவில்லை. அந்தப் பக்தி எனக்குப் பெரிது. ஆனால் அதை அடுத்தவள் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

நாகர்கோவில் வாசகர்: கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்பதும் சட்டமா?

அதே 1262இன் முதல் பகுதிதான். அதுவும் பிரிந்திருப்பது நல்லது என்ற அளவில்தான். இப்போது அதுவும் இல்லை. குடும்பமாக உட்காருங்கள்.

திருச்சி வாசகி: என் மகள் பீடத்தில் குருவுக்குப் பூசை உதவி செய்ய ஆசைப்படுகிறாள். 'பெண்பிள்ளைக்கு இடமில்லை' என்கிறார்கள்.

1994 மார்ச்சில் ரோமைத் திருவழிபாட்டுப் பேராயம் (வழிபாட்டைக் கவனிக்கும் வத்திக்கான் துறை) ஆயர்களுக்கு எழுதிய கடிதம், பெண்பிள்ளைகளை அனுமதிக்கலாமா என்பதை அந்தந்த ஆயரிடம் விட்டது. ஆயர் அனுமதித்தாலும் ஒரு குருவைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2001இல் விளக்கினார்கள். எனவே 'சட்டம் தடுக்கிறது' என்பது தவறு. 'எங்கள் பங்கில் வழக்கமில்லை' என்றால் அது உண்மையாக இருக்கலாம். முதலில் உங்கள் மறைமாவட்ட (உங்கள் ஆயரின் பகுதி) நடைமுறையைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: பெண்பிள்ளைகள் வந்தால் பையன்கள் விலகிப்போவார்கள். குருத்துவ அழைத்தல் (குருவாக வேண்டும் என்ற இறை அழைப்பு) குறையும்.

திருச்சி வாசகி: என் மகள் மணி அடித்தால் உங்கள் மகனின் அழைத்தல் போய்விடுமா?

இருவரும் பொறுங்கள். பையன்கள் பீடத்தில் பணிசெய்யும் மரபு அழைத்தல்களை வளர்த்தது என்று 1994 கடிதமே சொல்லி, அதைத் தொடரும்படி கேட்டுக்கொள்கிறது. ஆகவே தூத்துக்குடிக்காரரின் கவலை வெறும் பிடிவாதம் அல்ல. ஆனால் பெண்பிள்ளையைத் தடுத்தால் பையன் வருவான் என்று அக்கடிதம் சொல்லவில்லை. நான் வகுப்பெடுத்த பங்குக் கோயிலில் பையன்கள் நின்றுபோனது, விடியற்காலைப் பூசைக்கு அவர்களை எழுப்பிவிட ஆளில்லாமல். பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் பழியைச் சிறுமிமேல் போடாதீர்கள்.

சென்னை வாசகர்: பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் சடங்கில், பெண்களின் பாதத்தைக் கழுவலாமா?

கழுவலாம். 2016 ஜனவரியில் திருத்தினார்கள். அதற்கு முன் சடங்குநூலில் ஆண்கள் என்றுதான் இருந்தது.

கோவை வாசகி: பெண்கள் குருவாக முடியுமா?

முடியாது என்று 1994 மே மாதம் இரண்டாம் யோவான் பவுல் அறுதியிட்டார். ஆனால் வாசகர் (பூசையில் மறைநூல் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) என்ற நிலையான பணிகளை 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களுக்கும் திறந்தார்.

கோட்டயம் வாசகி: நாங்கள் சீரோ மலபார் (கேரளத்தின் கீழை மரபுக் கத்தோலிக்கர்). எங்களுக்கும் இதுதானா?

உங்களுக்குத் தனிச் சட்டத்தொகுப்பு உண்டு, 1990இல் வந்தது. உங்கள் குருவிடம் கேளுங்கள்.

வேலூர் வாசகி: முக்காடு கட்டாயமா?

திண்டுக்கல்லுக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது. எல்லோருக்கும் அதே பதில்தான்.

மதுரை வாசகி: மகளுக்கு ஞாயிறு பூசையில் இரண்டாம் வாசகம். சேலையா, சுடிதாரா?

கண்ணியமாக இருந்தால் போதும். சனிக்கிழமையே மூன்று தரம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'தெசலோனிக்கர்' (பவுலின் திருமுகங்களில் வரும் பெயர்) வந்தால் தடுக்கி நிற்பாள். அந்த இடத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிப் பழக்குங்கள்.