வாசகர் கேள்வி – பதில்: கேமுக்குள் விற்கும் மர்மப் பெட்டி

கேள்வி: ஒன்பது வயது மகன் மொபைல் கேமில் ‘மர்மப் பெட்டி’ வாங்குகிறான். உள்ளே என்ன இருக்கிறது என்று காசு கொடுத்த பிறகுதான் தெரியும். இது சூதாட்டம்தானே? சட்டம் ஏன் சும்மா இருக்கிறது?

பதில்: சூதாட்டம் என்று சொல்லப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் மூன்று விஷயங்களைத் தேடும்: கட்டும் பணம், அதிர்ஷ்டம், பண மதிப்புள்ள பரிசு. லூட் பாக்ஸ் எனப்படும் இந்தப் பெட்டிகளில் முதல் இரண்டும் அப்பட்டமாக இருக்கின்றன. மூன்றாவதில்தான் நிறுவனங்கள் நழுவுகின்றன. “கிடைப்பது வெறும் ஸ்கின் (கேம் பாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் அலங்காரம்), அதைக் காசாக்க முடியாது” என்பது அவர்களின் வாதம்.

பெல்ஜியச் சட்டத்தில் பரிசுக்கு வெளிச்சந்தை மதிப்பு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அதனால் 2018 ஏப்ரலில் அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச் உள்ளிட்ட கேம்களின் பெட்டிகள் சட்டவிரோதம் என்று அறிவித்தது. பக்கத்து நாடான நெதர்லாந்தில் நடந்ததோ நேர் எதிர். ஃபிஃபா பெட்டிகளுக்காக விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பெட்டி திறப்பது தனி விளையாட்டல்ல, திறமை சார்ந்த ஒரு பெரிய விளையாட்டின் பகுதிதான் என்பது அது சொன்ன காரணம்.

தடை போட்டால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் அதிக வருமானம் ஈட்டிய 100 ஐபோன் கேம்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், தடைக்குப் பிறகும் 82-ல் அதிர்ஷ்ட விற்பனை இருந்தது தெரியவந்தது. எங்கள் கணிப்பில், ‘இது சூதாட்டமா’ என்ற வழக்கைவிட, ‘குழந்தையிடம் எப்படி விற்றாய்’ என்ற வழக்குதான் நிறுவனங்களை உண்மையில் கடிக்கிறது. அதைக் கீழே நான்காவது பதிலில் பாருங்கள்.

கேள்வி: வாய்ப்பு விகிதத்தைக் கேமே வெளிப்படையாகப் போட்டிருக்கிறது. அது போதாதா?

பதில்: போடச் சொன்னது சட்டமும் ஸ்டோர்களும்தான். சீனா 2017 மே முதலும், தென் கொரியா 2024 மார்ச் முதலும் இதைக் கட்டாயமாக்கின. ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே தன் ஆப் ஸ்டோர் விதிகளில் சேர்த்துவிட்டது. ஆனால் எண்ணைப் படிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு.

‘1 சதவீதம்’ என்றால் 100 பெட்டியில் ஒன்று நிச்சயம் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.99. அதை நூறு முறை பெருக்கினால் சுமார் 0.366 வரும். அதாவது ஆளுக்கு 100 பெட்டி திறந்த நூறு பேரில் ஏறக்குறைய 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். திறந்த பெட்டிகளைக் கேம் நினைவில் வைத்து ஈடுகட்டுவதில்லை, அதற்கென்று தனி ஏற்பாடு இருந்தாலொழிய.

அந்த ஏற்பாட்டுக்கு ‘பிட்டி’ என்று பெயர். கென்ஷின் இம்பாக்ட் என்ற கேமில் ஐந்து நட்சத்திர (மிக அரிய) பாத்திரத்தின் அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம், 90-வது முயற்சியில் ஒன்று உறுதி. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கிடைப்பது விளம்பரத்தில் காட்டிய பாத்திரமாக இல்லாமலும் போகலாம். அப்போது இன்னொரு 90 வரை போக வேண்டிவரும். மோசமான நிலையில் 180 முயற்சி, ஒன்றுக்கு 160 பிரிமோஜெம் (கேமுக்குள் புழங்கும் நாணயம்) வீதம் 28,800. பிரிமோஜெமை நேராகக் காசுக்கு வாங்க முடியாது. காசுக்குக் கிரிஸ்டல், கிரிஸ்டலுக்குப் பிரிமோஜெம், அதற்குப் பிறகுதான் குலுக்கல். இத்தனை படி வைப்பதே உண்மையான விலை மனதில் பதியாமல் இருக்கத்தான்.

தொகுப்பு முழுமை அடைந்தால் பெரிய பரிசு என்பது இதைவிடக் கொடியது. சம வாய்ப்புள்ள 10 பொருள்களையும் சேர்க்கச் சராசரியாக 29 பெட்டி வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் சராசரி 10 பெட்டி. ‘இன்னும் ஒன்றுதானே பாக்கி’ என்று தோன்றும் இடத்தில்தான் செலவு உச்சத்தில் இருக்கிறது. ஜப்பான் 2012-ல் ‘கொம்ப்பு காச்சா’ எனும் இந்த வகையை மட்டும் நிறுத்தியது இதனால்தான்.

கேள்வி: மகள் எங்கள் போனில் பெரிய தொகைக்கு வாங்கிவிட்டாள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதல் வேலையாக, அவள் வாங்கிய கேம் நாணயங்களைத் தொடாமல் அப்படியே விடுங்கள். செலவழித்துவிட்டால் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும். ஆர்டர் எண், தேதி, தொகை மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ஸ்டோரிடம் கேளுங்கள். கூகுள் பிளேயில் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம், அதற்குப் பிறகு பெரும்பாலும் கேம் நிறுவனத்திடம் போகச் சொல்வார்கள். ஆப்பிளில் ‘ரிப்போர்ட் எ ப்ராப்ளம்’ பக்கம். காரணமாகக் குழந்தை அனுமதியின்றி வாங்கியதாக உள்ளபடியே சொல்லுங்கள். கார்டு திருடுபோனதாக எழுதாதீர்கள், அந்தப் பொய் நிற்காது.

வங்கியில் கட்டணத்தை மறுப்பது கடைசி வழி. பல நிறுவனங்கள் பதிலுக்குக் கேம் கணக்கையே முடக்கிவிடும்.

இனி நடக்காமல் இருக்க: பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் உறுதிப்படுத்தல் கேட்கும்படி வையுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம் கட்டுப்பாடுகளுக்குள் போய்க் கேமுக்குள் வாங்குவதையே தடுத்துவிடலாம். பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு: குழந்தையின் விரல்ரேகையும் அதே போனில் பதிந்திருக்கும்! அதை நீக்குங்கள். இன்னொன்று, குழந்தைக் கணக்குக்கு வைத்த கட்டுப்பாடு, அவள் உங்கள் கணக்கில் விளையாடும்போது செல்லாது.

கேள்வி: சட்டப்படி பொறுப்பு யாருக்கு? பெற்றோருக்கா, நிறுவனத்துக்கா?

பதில்: “நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்பது நிறுவனங்களின் பழைய பதில். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை ஏற்கவில்லை. கடவுச்சொல் போட்ட பிறகு ஆப்பிளில் 15 நிமிடமும் கூகுளில் 30 நிமிடமும் மறுபடி கேட்காமலே வாங்க முடிந்தது. 2014-ல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரும், கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டன.

2022-ல் ஃபோர்ட்நைட் என்ற கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் மீதான நடவடிக்கை இன்னும் நுணுக்கமானது. பொருளை முன்னோட்டம் பார்க்கும்போது பக்கத்துப் பொத்தான் பட்டாலே பணம் போனது, வங்கியில் கட்டணத்தை மறுத்தவர்களின் கேம் கணக்கு பூட்டப்பட்டது என்பவை புகார்கள். தொகை 24.5 கோடி டாலர். 2025 ஜனவரியில் கென்ஷின் இம்பாக்ட் நிறுவனம் 2 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் இல்லாமல் பெட்டி விற்கக் கூடாது, நேரடிக் காசு விலையிலும் விற்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இவை எதிலும் ‘இது சூதாட்டம்’ என்று நிரூபிக்கத் தேவைப்படவில்லை. விலை மறைந்ததா, சம்மதம் வாங்கப்பட்டதா என்பதே கேள்வி. நீங்கள் புகார் எழுதும்போதும் ‘சூதாட்டம்’ என்று தொடங்காமல், எந்தத் திரையில் எந்தப் பொத்தான், விலை எங்கே காட்டப்பட்டது, சம்மதம் எப்போது கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: லூட் பாக்ஸ் இல்லாத கேமை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வயதுக் குறியீட்டுக்குக் கீழே பாருங்கள். கேம்களுக்கு வயதுக் குறியீடு தரும் அமைப்புகளான ஐரோப்பாவின் பெகி, அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி இரண்டும் 2020 ஏப்ரலில் ‘அதிர்ஷ்டப் பொருள்கள் உட்பட’ என்ற குறிப்பைக் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவில் 2024 செப்டம்பர் முதல் காசுக்கு விற்கும் பெட்டி இருந்தாலே குறைந்தபட்சம் ‘எம்’ தரம், அதாவது 15 வயதுக்குக் கீழ் பரிந்துரைப்பதில்லை. குறிப்பு இல்லாததை மட்டும் நம்பிவிடாதீர்கள். கேமைத் திறந்து அதன் கடைப்பகுதிக்குப் போய், சக்கரம், முட்டை, அட்டைப்பொதி என்று வேறு பெயரில் இருக்கிறதா என நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.