ஒயின் டேஸ்டிங் போறோம், மல்லிப்பூ வெச்சுக்கலாமா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல நாசிக் போய் ஒயின் டேஸ்டிங் பண்ணிட்டு வந்தேன்னு போற போக்குல ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான், மும்பை வாசகர்கள்கிட்டேர்ந்து வந்த கேள்வியெல்லாம் அதைப் பத்தியே. அதனால இந்த வாரம் வேற எதுவும் இல்ல.

அக்கா, ஆபீஸ்ல டீம் அவுட்டிங்னு நாசிக் ஒயினரிக்கு கூட்டிட்டுப் போறாங்க. நான் ஒயின் குடிச்சதே இல்ல. எல்லாரும் கிளாஸை சுத்தி மோந்து பாத்து ஏதேதோ சொல்லுவாங்களாமே, நான் மட்டும் திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கணுமா?
— வாசகர், முலுண்ட்

முழிக்க வேணாம் தம்பி. முதல் தடவை நானும் முழிச்சேன், எனக்கு கிளாஸை எங்க பிடிக்கறதுன்னே தெரியல, டீ கிளாஸ் மாதிரி அடியோட சேத்துப் பிடிச்சேன். கீழ இருக்கற காம்பைப் பிடிக்கணும், இல்லன்னா கைச்சூடு ஒயின்ல ஏறிடும், அதுக்குதான் காம்பே.

மொத்தம் அஞ்சாறு ஒயின் வரும், ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வாய்க்கு மேல இருக்காது. பெரும்பாலும் நுரை வர்ற ஸ்பார்க்ளிங்ல ஆரம்பிச்சு, ஒயிட், ரோஸ் கலர்ல இருக்கற ரோஸே, ரெட், கடைசியா இனிப்புன்னு போகும், லேசானதுலேர்ந்து கனமானதுக்கு. முதல்ல நிறம் பாரு, அப்புறம் கிளாஸை லேசா சுத்திட்டு மூக்கை நல்லா உள்ள விட்டு மோந்து பாரு, வெக்கப்படாத, பாதி ருசி அங்கதான் இருக்கு. அப்புறம் ஒரு வாய் எடுத்து உடனே முழுங்காம நாக்கு பூரா ஓட விடு.

இப்ப நீ பயப்படற விஷயத்துக்கு வரேன். ரெட் குடிச்சதும் ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கற மாதிரி இருக்கும், அதுக்கு 'டானின்'னு கைடு பெருசா விளக்கம் கொடுப்பார். நமக்கு அது துவர்ப்பு, அவ்ளோதான். வாழைப்பூ, பாக்கு, நாவப்பழம், கொதிச்சுப் போன டீ இதெல்லாம் தெரிஞ்ச நாக்குக்கு அதுல புதுசா என்ன இருக்கு? திராட்சையோட தோல்லயும் கொட்டையிலயும் இருந்து வர்ற துவர்ப்பு அது. அதே மாதிரி ஷிராஸ்னு ஒரு ரெட் ஊத்தி "என்ன வாசனை வருது?"ன்னு கேட்டாங்க. எங்க கூட வந்தவங்க பிளம், பெர்ரின்னு ஏதேதோ சொன்னாங்க, அந்தப் பழத்தையெல்லாம் நான் வாழ்க்கைல எத்தனை தடவ சாப்பிட்டிருப்பேன்? எனக்கு மிளகு ரசம் தாளிச்ச வாசனைதான் வந்துச்சு, சொல்லவா வேணாமான்னு யோசிச்சுட்டு மெதுவா "பெப்பர்"னேன், கைடு கையைத் தட்டிட்டார். மிளகுக்கு வாசனை கொடுக்கற ரோட்டண்டோன்ங்கற அதே சமாச்சாரம் ஷிராஸ் திராட்சைத் தோல்லயும் இருக்காம். சாவிஞான் பிளாங்க்னு ஒரு ஒயிட் வந்தா கொய்யாவும் குடமிளகாயும் வருதான்னு பாரு. உனக்கு எது ஞாபகம் வருதோ அதை சொல்லு, அதுல தப்பே கிடையாது.

மேசை மேல ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க, துப்பறதுக்கு. நம்ம தாத்தா பாட்டி வெத்தலை போட்டுட்டுத் துப்ப பணிக்கம் வெச்சிருந்தாங்கல்ல, அதேதான். பிடிக்கலன்னா துப்பலாம், மிச்சத்தை அதுல ஊத்தலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. நான் முதல் தடவை காசு குடுத்தாச்சேன்னு எல்லாத்தையும் குடிச்சு, நாலாவதுக்கு அப்புறம் எது என்ன ருசின்னே தெரியாமப் போச்சு. காலைல இட்லியோ பொங்கலோ வயிறாற சாப்பிட்டுப் போ.

இன்னொண்ணு, உன் டீம்ல பொண்ணுங்க இருந்தா சொல்லிடு, அன்னிக்கு மட்டும் மல்லிப்பூ வேணாம். எங்க குரூப்ல ஒருத்தி ஆசையா ரெண்டு முழம் வெச்சுட்டு வந்தா, பக்கத்துல நின்ன எங்களுக்கு ஆறு ஒயின்லயும் மல்லிதான் அடிச்சுது. ஆம்பளைங்களுக்கும் அதே ரூல், சென்ட் குளிச்சுட்டு வராதீங்கப்பா.

ஷீரடி, திரியம்பகேஷ்வர் ரெண்டும் போறோம். மருமகள் நடுவுல ஒரு ஒயினரியையும் சேத்திருக்காள். நான் குடிக்கப் போறதில்லை. சும்மா பாக்க அங்க என்ன இருக்கு? ஒயின்ல முட்டை கலக்கறான்னு சொல்றாளே, நெஜமா?
— வாசகி, மாட்டுங்கா

தாராளமா போய்ட்டு வாங்க மாமி, கோயிலை முதல்ல முடிச்சுட்டுப் போனா மனசுக்கும் நிம்மதி. பாக்கறதுக்கு நிறைய இருக்கு. ஆள் உயரத்துக்கு மேல ஸ்டீல் டேங்க் வரிசையா நிக்கும், வெளிய சுள்ளுன்னு வெயில் அடிக்கும், டேங்க் மேல கை வெச்சா ஜில்லுன்னு இருக்கும், அதுக்கு வெளிப்பக்கமா குளிர்ந்த தண்ணி ஓட விட்டு சூட்டைக் கட்டுப்படுத்தறாங்க. அறுவடை சமயம்னா உள்ள நுழைஞ்சதுமே தோசை மாவு பொங்கி வழிஞ்ச வாசனை வரும், ரெண்டுலயும் நடக்கறது புளிக்கறதுதானே. கறுப்புத் திராட்சைக்கும் சாறு கிட்டத்தட்ட வெள்ளைதான், தோலோட ஊற வெச்சா ரெட், தோலை உடனே எடுத்துட்டா ஒயிட், இது எனக்கு அங்க போற வரைக்கும் தெரியாது.

முட்டை விஷயம் பாதி நிஜம். கலங்கலா இருக்கற ஒயினைத் தெளிய வெக்க சில இடத்துல முட்டையோட வெள்ளைக் கரு போடுவாங்க, மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுக்கற ஒரு பொருள் கூட உண்டு, பாலோட புரதமும் உண்டு. பென்டோனைட்னு ஒரு வகை களிமண்ணும் போடறாங்க, அது சுத்த சைவம். போட்டதெல்லாம் அடியில தங்கினதும் ஒயினைத் தனியா பிரிச்சு எடுத்துடுவாங்க, இருந்தாலும் உங்க மருமகள் சைவம்னா எதைப் போட்டுத் தெளிய வெச்சீங்கன்னு கைடுகிட்ட நேராவே கேக்கச் சொல்லுங்க.

அப்புறம் மாமி, நாசிக்ல பெரிய ஒயின் கம்பெனியான சுலா இருக்கே, அதை ஆரம்பிச்ச ராஜீவ் சாமந்த் அந்தப் பேரை வெச்சது அவர் அம்மா சுலபாவை நினைச்சுதான். மகன் ஒயின் கம்பெனிக்கு அம்மா பேரை வெச்சா நம்ம தமிழ் மாமிங்க இருக்கற மாட்டுங்கால என்ன நடக்கும்னு நினைச்சுப் பாத்தேன், சிரிப்பு தாங்கல.

எந்த மாசம் போகலாம்? சொந்தக் கார்ல போனா பரவாயில்லையா? பொண்ணுக்கு 19 வயசு, அவளும் வரேங்கறா.
— வாசகர், டோம்பிவிலி

ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் அறுவடை, அப்ப போனாதான் கொடியில குலை தொங்கறதைப் பாக்கலாம். ஐரோப்பால செப்டம்பர் அக்டோபர்ல பறிப்பாங்க, இங்க மழையில பழம் அழுகிடும்னு காலத்தையே மாத்தி வெச்சிருக்காங்க, ஏப்ரல்ல ஒரு தடவை, மழை விட்டதும் ஒரு தடவைன்னு வருஷத்துக்கு ரெண்டு வாட்டி கொடியைக் கவாத்து பண்ணி. ஏப்ரல்ல போனீங்கன்னா வெறும் குச்சிதான்.

ஆனா தேதி பாத்துப் போங்க. லாங் வீக்எண்ட் கிடைச்சுதேன்னு நாங்க ஒரு வருஷம் ஜனவரி 26 அன்னிக்கு வண்டி பேசி, விடியக்காலைல கிளம்பி, கசாரா மலைப்பாதைல டிராஃபிக்ல நின்னு, போய் எறங்கினா வாசல்ல செக்யூரிட்டி "ட்ரை டே"ன்னு ஒரே வார்த்தை சொன்னார், அதாவது அன்னிக்கு மது விக்கக் கூடாது. ஆறு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். மிசல் பாவ் சாப்பிட்டுட்டு திரும்பி வந்தோம், மிசல் அருமையா இருந்துச்சுங்கறது வேற விஷயம். ஜனவரி 30, அக்டோபர் 2 அன்னிக்கும் இதே கதைதான்.

கார் ஓட்டறவர் குடிக்கவே கூடாது, 'ரெண்டு வாய்தானே' கணக்கெல்லாம் வேணாம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா கேஸ், முதல் தடவையே 10,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். ஷீரடி போற வந்தே பாரத் காலைல மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷன்லேர்ந்து கிளம்பி தாதர், தாணேல நின்னு நாசிக் ரோடுக்குப் போகுது, டோம்பிவிலிக்காரங்க தாணே வந்து ஏறிக்கலாம். பஞ்சவடி எக்ஸ்பிரஸ்னு பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அது காலைல நாசிக்லேர்ந்து மும்பை வர்ற வண்டி, உங்களுக்கு நேர் எதிர் திசை.

பொண்ணுக்கு டேஸ்டிங் கிடையாது. மகாராஷ்டிரால ஒயினுக்கு 21 வயசு ஆகணும்.

ஒயின் பழசாக ஆக விலை ஏறும்னு சொல்றாங்களே, வாங்கிட்டு வந்து பத்து வருஷம் வெச்சிருக்கலாமா?
— வாசகர், தாராவி

ஏறும்னு வெச்சுக்கற ஒயினெல்லாம் வேற. நீங்க வாங்கற ஒயிட், ரோஸே எல்லாம் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள குடிக்கறதுக்குன்னே பண்ணது, மும்பை வீட்டு அலமாரி சூட்டுல பத்து வருஷம் வெச்சா வெனிகர் மாதிரி ஆனாலும் ஆச்சரியமில்ல. வாங்கினதை கார் டிக்கில போட்டுட்டு வெயில்ல மத்தியான சாப்பாட்டுக்குப் போய்டாதீங்க, நான் அப்படி ரெண்டு பாட்டிலைக் கொதிக்க வெச்சிருக்கேன், கடைசில மட்டன்ல ஊத்தி சமைச்சோம்.