சிவில் படிக்கும் மகள் மைனர் பட்டம் எடுக்கலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் பிரிவில் நான்காம் செமஸ்டர் படிக்கும் தங்கள் மகள் அடுத்த செமஸ்டரிலிருந்து மைனர் (வேறொரு துறையில் கூடுதல் பாடத்தொகுப்பு) எடுக்க விரும்புவதாகவும், தனியார் பயிற்சி நிலையம் ஒன்றோ பெருந்தொகை கேட்டு டேட்டா சயின்ஸ் சான்றிதழ் தருவதாகச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு இரண்டு அரியர் இருப்பதைக் கடைசி வரியில்தான் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; என் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனங்கள் பலவும், குறிப்பாக ஐ.டி. நிறுவனங்கள், நிலுவையில் அரியர் இருக்கும் மாணவர்களைத் தேர்வெழுதவே அனுமதிப்பதில்லை. எனவே கூடுதல் பாடம் எதையும் பதிவு செய்வதற்கு முன் அந்த இரண்டு தாள்களையும் முடிப்பதே முதல் வேலை.

மைனர் என்பது பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டுகளுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகுகள்) மேல் வேறொரு துறையில் 18 கிரெடிட்டுகளைக் கூடுதலாகப் பெறுவது. மூன்று கிரெடிட் பாடங்களாகக் கணக்கிட்டால் ஆறு தாள்கள். கடைசி செமஸ்டர் பெரும்பாலும் புராஜெக்டுக்குப் போய்விடுவதால், ஐந்து முதல் ஏழு வரையிலான மூன்று செமஸ்டர்களில் தலா இரண்டு தாள்களை அவர் கூடுதலாகச் சுமக்க வேண்டியிருக்கும். கான்கிரீட், எஃகுக் கட்டமைப்பு வடிவமைப்பு போன்ற கனமான பாடங்கள் வரும் காலமும் அதுவே. பெற்றோர் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இந்தச் சுமையை ஏற்கலாமா என்பது, மைனர் பாடம் சிவிலோடு சேர்ந்து எந்த வேலைக்கு இட்டுச்செல்கிறது என்பதைப் பொறுத்தது. சுற்றுச்சூழல், நீர்வளம் பக்கம் போக நினைப்பவருக்குச் சுற்றுச்சூழலும் நிலைத்த வளர்ச்சியும் சார்ந்த பாடத்தொகுப்பு பொருந்தும். கட்டுமான நிறுவனங்களில் திட்டமிடல், செலவு மதிப்பீடு ஆகிய பணிகளை விரும்புபவருக்குத் தரவுப் பகுப்பாய்வு உதவும். ஆனால் சிவிலை விட்டு முழுக்க மென்பொருளுக்குப் போக விரும்பினால், ஆறு தாள்களைவிட நன்றாக எழுதத் தெரிந்த ஒரு நிரல்மொழியும், தானே செய்து காட்டக்கூடிய இரண்டு புராஜெக்டுகளும் நேர்முகத் தேர்வில் அதிகம் பேசும் என்பது என் கருத்து. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கணினி அறிவியல் பட்டத்தைத் தகுதியாகக் கேட்கும் அரசுப் பணிக்கு, சிவில் பட்டத்தோடு அத்துறையில் மைனர் வைத்திருப்பது அந்தப் பட்டத்துக்கு ஈடாகிவிடாது.

தனியார் நிலையத்தின் சான்றிதழுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். மகளுக்கு டேட்டா சயின்ஸில் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் இலவசமாகச் சேரலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். மதிப்பெண்ணில் கால் பங்கு வாராந்திர ஒப்படைப்புகளுக்கும் முக்கால் பங்கு தேர்வுக்கும் தரப்படுகிறது. வரும் விடுமுறையை ஒட்டி எட்டு வாரப் பாடம் ஒன்றை எடுக்கட்டும். நான்காவது வாரத்திலேயே ஒப்படைப்புகள் நின்றுபோனால், ஆறு தாள்களைப் பற்றி நாம் மேலும் பேச வேண்டியதில்லை. சிவிலிலேயே நிலைக்க விரும்பினாலோ, கட்டுமானப் பொருள்களின் அளவையும் செலவையும் மதிப்பிடுவதும், ரெவிட் (கட்டட வடிவமைப்பு), பிரிமாவெரா (திட்ட அட்டவணை) போன்ற மென்பொருள்களில் பயிற்சியும் வேலைக்கு மிக நெருக்கமானவை.

பதிவுக்கு முன் தாங்களும் மகளும் துறைத் தலைவரைச் சந்தியுங்கள். கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சி பெற்றதா, அந்த மைனர் வகுப்பு அவர்களிடம் உண்மையாகவே நடத்தப்படுகிறதா, ஆன்லைன் பாடங்களின் கிரெடிட்டில் எவ்வளவு ஏற்கப்படும், கூடுதல் தாளில் தோற்றால் அது சி.ஜி.பி.ஏ.வையும் (ஒட்டுமொத்த மதிப்பெண் சராசரி) பட்டம் பெறுவதையும் பாதிக்குமா, நடுவில் விலகிக்கொள்ள வழியுண்டா என்பவற்றைக் கேட்டு, பொருந்தும் விதிமுறையின் நகலை வாங்கி வையுங்கள். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறக்கூடும் என்பதால், சீனியர் மாணவர் சொன்னதை மட்டும் நம்பிப் பதிவு செய்ய வேண்டாம். நான்காம் செமஸ்டர் முடிவுகள் வந்து அரியர் இரண்டும் தீர்ந்திருந்தால், அந்த நகலோடும் மதிப்பெண் பட்டியலோடும் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடத்தொகுப்பு என்பதை அவரோடு பேசி முடிவு செய்யலாம்.