முடிந்த ஓவியம் இருக்கும்போது, அதற்கு முன் போட்ட பென்சில் படத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க இயற்கைக் காட்சி ஓவியர்களின் பென்சில் படங்களைக்கூட அருங்காட்சியகங்கள் பெட்டியில் போட்டுப் பாதுகாக்கின்றனவே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரே ஒரு படம்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வரைந்தவர் தாமஸ் கோல். 1801-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1818-இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் ஹோலியோக் என்று ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் நின்று பார்த்தால், கீழே கனெக்டிகட் ஆறு பெரிய வளையம் போட்டுத் திரும்பும். அந்தக் காட்சியை வைத்து அவர் 1836-இல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம்தான் 'தி ஆக்ஸ்போ'. நுகத்திலிருந்து இறங்கி மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும் வளைந்த மரத்துக்கு அந்தப் பெயர். ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அகலம் கிட்டத்தட்ட 193 செ.மீ. இடப்பக்கம் முறிந்த மரமும் இடிமழை மேகமும், வலப்பக்கம் வெயில் பட்ட வயல்கள். பாறைகளுக்கு நடுவே, கண்டுபிடிக்கவே சிரமமான அளவுக்குச் சின்னதாக, ஓவியத்தைத் தாங்கும் சட்டத்தோடு உட்கார்ந்திருக்கும் கோல் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். அதன் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். அழகு, சந்தேகமே இல்லை.

அப்புறம் வீட்டுக்கு வந்து, இதற்காக அவர் மலைமேல் போட்ட பென்சில் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். 1833 வாக்கில் வரைந்தது, டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஸ்கெட்ச் நோட்டில் இருக்கிறது. நோட்டை விரித்து, இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் போட்டிருக்கிறார். மலைகளின் விளிம்பு, ஆற்றின் வளைவு, அவ்வளவுதான், எல்லாமே மெல்லிய கோடுகள். ஆனால் படம் முழுக்கக் கையெழுத்து! எந்த இடத்தில் என்ன நிறம், வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கோடுகளுக்கு இடையிலேயே எழுதி வைத்திருக்கிறார். கலர் புகைப்படம் இல்லாத காலம். மலையை விட்டு இறங்கினால் நிறம் மறந்துவிடும், எழுதித்தான் பிடித்து வைக்க வேண்டும். ஓவியத்தில் அவர் தன்னைச் சின்னதாக வரைந்து காட்டுகிறார். அவர் உண்மையிலேயே அந்த மலைமேல் நின்ற நேரம் எனக்குத் தெரிவது இந்தக் கையெழுத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. பாசில் ஹால் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் கடற்படைக் கேப்டன், இதே மலையிலிருந்து இதே காட்சியை கேமரா லூசிடா வைத்து வரைந்து, 1829-இல் அச்சிட்டு வெளியிட்டார். எதிரே இருப்பதைக் காகிதத்தின் மேல் விழுவதுபோல் காட்டும் பட்டகக் கருவி அது. கோல் லண்டனில் இருந்தபோது அந்த அச்சுப்படத்தின் மேல் மெல்லிய தாள் வைத்து அப்படியே நகல் எடுத்திருக்கிறார். அந்த நகலும் டெட்ராய்ட்டில்தான் இருக்கிறது. அடுத்தவர் வரைந்ததை ஒற்றி எடுத்தவர், சில ஆண்டுகள் கழித்துத் தானே மலை ஏறிப் போய் நின்று வரைகிறார். மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு காட்சி ஒரு மனிதருக்குள் எப்படி ஊறுகிறது என்று தெரியும். முடிந்த ஓவியம் மட்டும் இருந்தால் இது எதுவுமே நமக்குத் தெரியாது.

பெட்டிக்குள் வைப்பதற்குக் காரணம் எளிது. பென்சிலின் கிராஃபைட் மங்காது, ஆனால் வெளிச்சம் பட்டால் காகிதம் பழுக்கும், நொறுங்கும். அதனால்தான் இப்படிப்பட்ட படங்களை 50 லக்ஸ் அளவு மங்கலான விளக்கில் சில மாதம் மட்டும் வெளியே வைக்கிறார்கள். நேரில் பார்க்க விரும்பினால், காகிதப் படங்களுக்குத் தனிப் பார்வை அறை இருக்கிறதா என்று அந்தந்த அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

போன வருடம் மகளை ஆம்ஹர்ஸ்டில் கல்லூரியில் சேர்த்துவிட்டு, அவளோடு அந்த மலைக்குப் போனேன். கோல் பார்த்த ஆறு இப்போது அங்கே இல்லை. 1840-இல் வந்த வெள்ளம் வளையத்தின் கழுத்தை அறுத்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. வளையம் ஓட்டத்திலிருந்து ஒதுங்கிய நீர்நிலையாகக் கிடக்கிறது, 91-ஆம் எண் நெடுஞ்சாலை அதன் வழியாகவே ஓடுகிறது. செல்போனில் அந்தப் பென்சில் படத்தைத் திறந்து, தூரத்து மலை விளிம்போடு ஒப்பிட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்தில் மகள் தன் நோட்டை எடுத்து நாலு கோடு போட்டு, தண்ணீர் இருந்த இடத்தில் எழுதினாள்: "ஈயம் பூசின பாத்திரம் மாதிரி. ஓரத்தில் மட்டும் பச்சை."