வெள்ளிக்கிழமையை என்ன செய்வது?

அன்புள்ள சார்,

நான் ரியாதுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஏசி பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஆறு நாள் வேலை, வெள்ளி மட்டும் லீவு. ரூமில் நாங்கள் நான்கு பேர். வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரை தூக்கம், அப்புறம் துணி துவைப்பது, பிரியாணி, மறுபடி தூக்கம், சாயங்காலம் வீட்டுக்கு வீடியோ கால், ராத்திரி மொபைல். இப்போது தியேட்டர் வந்துவிட்டது, கச்சேரியெல்லாம் நடக்கிறது என்கிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்தால் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம்தான் கண்முன் வருகிறது. ரூமில் மூத்தவர் ஒருவர் பதினாறு வருஷமாக இங்கே இருக்கிறார். "இங்க வந்தது சம்பாதிக்க, ஊர் சுத்த இல்ல" என்பார். ஏர்போர்ட், கம்பெனி, பத்ஹா கடைவீதி தவிர அவர் எதையும் பார்த்ததில்லை. நானும் அவரைப் போல ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் இங்கே பன்னிரண்டு வருஷம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எப்படிப் பொழுதைப் போக்கினீர்கள்? எதைச் செய்யலாம், எதைச் செய்தால் வம்பு?

ம.
ரியாத்

அன்புள்ள ம.,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை.

முதலில் உங்கள் ரூமில் இருக்கும் மூத்தவரைப் பற்றி. அவர் வந்து இறங்கிய ரியாத் வேறு ஊர். தியேட்டர் கிடையாது. 1980களின் தொடக்கத்தில் மூடியவை 2018 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தன. ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தாலும், அங்கே தனியாக இருக்கிற ஆம்பளைக்குப் பெயர் பேச்சிலர். ஓட்டலுக்கு இரண்டு வாசல்: குடும்பத்துக்கு ஒன்று, பேச்சிலருக்கு ஒன்று. அந்தப் பக்கம் சோபாவும் திரைச்சீலையும், நம் பக்கம் டியூப்லைட்டும் பிளாஸ்டிக் நாற்காலியும். லீவு நாளில் ஷாப்பிங் மாலுக்குப் போனால் வாசலில் நிற்கும் காவலர் கையை ஆட்டித் திருப்பி அனுப்புவார். நான் ஒரு தடவை சூட்கேஸ் வாங்கப் போய் அப்படி நின்றபோது, பின்னால் வந்த மலையாளிக் குடும்பம் ஒன்று என்னைத் தங்கள் சித்தப்பாவாக்கி உள்ளே கூட்டிப்போனது. அந்தச் சூட்கேஸ் இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஓட்டலுக்கு இரட்டை வாசல் வேண்டும் என்ற விதி 2019 டிசம்பரில்தான் போனது. அத்தனை வருஷம் எங்கே போனாலும் திரும்பிப் போ என்று கேட்டவர் ரூமுக்குள்ளேயே இருக்கப் பழகியிருக்கிறார். இப்போது யாரும் தடுப்பதில்லை, ஆனால் அவருக்குக் கால் எழவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு, கேலி இல்லை.

என்னுடைய முதல் இரண்டு வருஷமும் உங்கள் வெள்ளிக்கிழமை மாதிரியேதான் போனது. நான் 2007-ல் வந்தேன். நம் ஊர்ப் பொழுதுபோக்கை அங்கே தேடியதுதான் நான் செய்த தப்பு என்று பிறகு புரிந்தது. நம் ஊரில் அது தெருவிலேயே கிடக்கும். டீக்கடை பெஞ்சு, கோயில் திருவிழா, கடற்கரை என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ரியாதில் தெரு என்பது கார் போகிற இடம். அவர்களுடைய பொழுதுபோக்கு மதிலுக்குப் பின்னால் இருக்கிறது, இல்லையென்றால் ஊருக்கு வெளியே. அதுவும் இஷா என்கிற இரவுத் தொழுகை முடிந்த பிறகுதான் தொடங்கும். நாமோ வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்கிறோம்.

எனக்கு அதைக் காட்டியவர் எங்கள் கம்பெனியின் மந்தூப். இக்காமா (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை), விசா வேலைக்கெல்லாம் அரசு அலுவலகங்களுக்கு ஓடுகிற சவுதிக்காரர். ஒரு நாள் ராத்திரி "வா" என்று இஸ்திராஹாவுக்குக் கூட்டிப்போனார். ஊர் எல்லையில் இந்த இஸ்திராஹாக்கள் வரிசையாக இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மதில். உள்ளே புல்தரை, கம்பளம் விரித்த கூடம், சமையல்கட்டு, சிலவற்றில் நீச்சல்குளம். நாள் வாடகைக்கும் விடுவார்கள், நண்பர்கள் சேர்ந்து வருஷ வாடகைக்கும் எடுப்பார்கள். பதினைந்து பேர் திண்டில் சாய்ந்து கஹ்வா என்கிற அரபிக் காப்பி குடித்துக்கொண்டு சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் பலூட். நான்கு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள், மொத்தம் 32 சீட்டு. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். துருப்பில் ஜாக்கிதான் பெரியது, அடுத்து ஒன்பது, அப்புறம் ஆஸ், பத்து. இது நம்ம ஊர் ‘இருபத்தெட்டு’ சீட்டாட்டத்தில் வருகிற வரிசை அல்லவா! ‘முந்நூற்று நாலு’ ஆடியவர்களுக்கும் தெரிந்த கணக்குதான். விதிகள் நிறையவே வேறு, ஆனால் ஜாக்கியை எப்போது இறக்குவது என்று கைக்கே தெரியும். மூன்றாவது வாரம் என்னையும் உட்கார வைத்தார்கள். ஆபீஸில் இரண்டு வருஷத்தில் நான் கற்றது "மாஃபி முஷ்கில்" (பிரச்சினை இல்லை) மட்டும். பேச்சு அரபி எனக்கு வந்தது சீட்டாட்டத்தில் வாங்கிய திட்டுகளிலிருந்துதான். ஒன்று கவனம்: காசு வைத்து ஆடக் கூடாது. சூதாட்டம் அங்கே குற்றம்.

சவுதிக்காரர் யாரும் கூப்பிடவில்லையே என்கிறீர்களா? அப்படியானால் நீங்களே எடுங்கள். நம் ஆட்கள் இருபது பேர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இஸ்திராஹா எடுப்போம். பிரித்துக்கொண்டால் தலைக்கு விழுவது பெரிய தொகையாக இருக்காது. இந்த ஏற்பாட்டுக்கு எங்களைத் தள்ளியது ஒரு விதத்தில் அரசாங்கத்தின் கட்டணம். உடன் இருக்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் என்று 2017-ல் தொடங்கி, வருஷம் நூறாக ஏறி 2020-ல் 400 ஆனது. ஏறப்போகிறது என்று தெரிந்ததுமே பலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கட்டடத்தில் படிக்கட்டில் சைக்கிள் சத்தமே நின்றுபோனது. மறுபடி பேச்சிலர் ஆன நாற்பது வயதுக்காரர்கள் சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அவர்களுக்காகத் தொடங்கியதுதான். சமையல் போட்டி வைப்போம். வருஷத்தில் ஒருமுறை வடை சுடுகிறவர் அங்கே பெரிய மனிதர்.

கிரிக்கெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி விடிகாலை காலிமனைகளில் டேப் சுற்றிய டென்னிஸ் பந்தோடு ஆடிக்கொண்டிருப்பார்கள். போய் நின்றால் ஃபீல்டிங்குக்கு ஆள் தேவைப்படும்.

எனக்குப் பிடித்தது வாதி ஹனீஃபா. ரியாதின் மேற்கு ஓரமாக ஓடும் பள்ளத்தாக்கு, நீளம் சுமார் 120 கிலோமீட்டர். குப்பை கொட்டும் இடமாகக் கிடந்ததை மீட்டு, நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஓடவிட்டார்கள். 2010-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற திட்டம் அது. ஊருக்குத் தெற்கே அல் ஹாயிர் பக்கம் போனால் நாணல் புதரும் ஓடையுமாக இருக்கும். நம்பவே முடியாது. நான் பைனாகுலர் வாங்கியது அதற்குத்தான். கொக்கு, நாரை, கூடவே நம்ம ஊர்ச் சிவப்புச் சில்லை. கூண்டுப் பறவையாக வந்து தப்பித்துப் பெருகியது என்கிறார்கள். மைனா ஊரெங்கும் உண்டு. ஜித்தாவில் கப்பலேறி வந்த நம்ம காக்கையே இருக்கிறது. யாரும் இக்காமா கேட்பதில்லை. பைனாகுலர் வைத்திருந்தால் ராணுவ வளாகம், அரசுக் கட்டடம், வீடுகள் இருக்கும் பக்கம் திருப்பாதீர்கள். கேமராவுக்கும் அதேதான்.

துவைக் மலைவிளிம்பைப் பற்றி இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் செங்குத்து விளிம்பில், ரியாதிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டரில் ‘உலகத்தின் விளிம்பு’ என்று ஓர் இடம். நிலம் சட்டென்று முடிந்து சுமார் 300 மீட்டர் கீழே மறுபடி தொடங்கும். முதல் தடவை நாங்கள் ஐந்து பேர் ஒரு சாதாரணக் காரில் போனோம். ஃபோர் வீல் எதற்கு, மெதுவாகப் போனால் ஆச்சு என்று சொன்னவன் நான்தான். மண்பாதையில் பாதி தூரத்தில் பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. ஐந்து பேருக்கும் சேர்த்து இருந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு பொட்டலம் முறுக்கு. மூன்று மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வந்தது. இறங்கிய கிழவர் உதவுவதற்கு முன்னால் திட்டினார். தண்ணீர் எங்கே, கயிறு எங்கே, இரண்டாவது வண்டி எங்கே? ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தலையைக் குனிந்தோம். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, கயிறு கட்டி இழுத்துவிட்டு, பணத்தை நீட்டியபோது அதற்கும் திட்டினார். அந்தத் திட்டுதான் என் பாலைவனப் பாடம். இரண்டு வண்டி, தலைக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், முழு டாங்க், எங்கே போகிறோம் என்று ஊரில் ஒருவருக்குத் தகவல். நவம்பரிலிருந்து மார்ச் வரை மட்டும் போங்கள். மழை பெய்தால் வாதிக்குள், அதாவது பள்ளத்தாக்குக்குள், இறங்கவே கூடாது. வெள்ளம் ஓடும்போது கடப்பது உயிருக்கும் ஆபத்து, அபராதமும் உண்டு.

குளிர்காலத்தில் சவுதிக்காரர்களே குடும்பம் குடும்பமாகப் பாலைவனத்துக்குப் போய் அடுப்பு மூட்டி உட்காருவார்கள். கஷ்தா என்பார்கள். நமக்கு அது வெறும் மணல், அவர்களுக்கு அதுதான் கடற்கரை. ஒரு ஆகஸ்ட் கடைசியில், இஸ்திராஹாவில் ஆட்டம் முடிந்து விடிவதற்குக் கொஞ்சம் முன்னால், தெற்கே பார்த்து "சுஹைல் வர நாளாகிவிட்டது" என்றார் மந்தூப். ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி அந்த நட்சத்திரம் உதிக்கும் என்பது அரபிகளின் கணக்கு. சுஹைல் உதித்தால் இரவு குளிரும் என்று பழமொழியே உண்டு. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். நம்ம அகத்தியர் நட்சத்திரம்! ஊரில் தெற்கு வானில் நன்றாக ஏறி நிற்பது, ரியாதில் அடிவானத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடும். செப்டம்பரில் இரண்டு வாரம் மொட்டைமாடியில் அலாரம் வைத்து எழுந்து அதைத் தேடினேன். ரூம்காரர்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

இனி வம்பு. சாராயம் முதலாவது. ரூமில் காய்ச்சுவதை ‘சித்தீக்’ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். சிக்கினால் ஜெயில், அப்புறம் நாடு கடத்தல். அதே அறையில் சும்மா உட்கார்ந்திருந்தவன் பாடும் திண்டாட்டம்தான். முன்பின் தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களை, அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள். ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிடவோ குடிக்கவோ புகைக்கவோ வேண்டாம். இன்னொன்று நம் ஆட்கள் நல்ல மனதோடு மாட்டிக்கொள்வது: ஊரில் வெள்ளம், யாருக்கோ ஆபரேஷன் என்று ரூம் ரூமாகப் பணம் வசூலிப்பது. அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டுவது அங்கே குற்றம். அந்த நாட்டைப் பற்றியும் அதன் ஆட்சியைப் பற்றியும் ஃபேஸ்புக்கில் கருத்து சொல்வதை ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

டிக்கெட் வாங்கிப் போகிற கச்சேரி, தியேட்டர் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. நான் 2019-ல் கிளம்பிவிட்டேன், அதெல்லாம் அப்போதுதான் சூடு பிடித்தது. பணம் இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, இந்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்று சொல்கிறேன். 2024 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு ஒருமுறை ரியாத் வந்திருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கான சாதாரண டிக்கெட் 4 ரியால். நீலத் தடம் உங்கள் மூத்தவருக்குத் தெரிந்த பத்ஹா வழியாகத்தான் போகிறது. சாயங்காலம் அவரையும் கிளப்பிக்கொண்டு போய்த் தேசிய அருங்காட்சியக நிலையத்தில் இறங்குங்கள். சுற்றிலும் பேரீச்சை மரமும் புல்தரையும் இருக்கும், பிளாஸ்கில் டீ எடுத்துப் போங்கள். வர மாட்டேன் என்பார். டிரைவர் இல்லாமல் ஓடுகிற வண்டி என்று சொல்லிப் பாருங்கள், ஏசி ஆட்களுக்கு மெஷின் மேல் ஒரு கண் உண்டு. குடும்பங்களுக்குத் தனிப் பெட்டி, தனியாட்களுக்குத் தனிப் பெட்டி என்று அதிலும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெட்டியில் ஏறுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.