ஊர் விதியைத் திருத்திய சபை

கேள்வி: உத்திரமேரூர்ச் சபை தன் குடவோலை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறை) விதிகளைத் தானே திருத்தியதா?

பதில்: ஆம், அதுவும் இரண்டே ஆண்டில். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் எழுதிய விதிகளை, 921இல் அரசு அதிகாரி உடனிருக்க, சபையாரே கூடி மாற்றினர். உறுப்பினர் வயது 30-60 என்றிருந்தது 35-70 ஆயிற்று. வரி செலுத்தும் கால்வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேற்பட்ட நிலம் வேண்டும் என்ற விதியில், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும் என்ற சலுகை சேர்ந்தது. (அந்தணருக்குத் தானமாக அளித்த பிரமதேய ஊர் என்பதால் இவையெல்லாம் அந்தணருக்குள்தான்.) என்னைக் கவர்வது ஓலை எடுக்கும் முறையே: எல்லோரும் காணக் குடத்தை உயர்த்தி, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பித்த ஓலையை, நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் ஓலை இல்லை.