பெரிய ஒலியும் அகலமான ஒலியும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் கணினியில் எலக்ட்ரானிக் இசை செய்துவருகிறேன். டிராப் (பாட்டின் இறுக்கம் உடைந்து தாளம் முழுதாய்ப் பாயும் இடம்) வரும்போது சிந்த் (சிந்தசைசர்) ஓங்கி எழவேண்டும், கேட்பவரைச் சுற்றி நிறையவேண்டும் என்று ஆசை. அதற்காக எட்டு லேயர் போடுகிறேன். ஒவ்வொன்றிலும் யூனிசன் 16, அதாவது ஒரே சுரம் பதினாறு குரலாக. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டீரியோ ப்ளகினில் அகலத்தை 200 சதவீதத்துக்கு ஏற்றிவிடுகிறேன். ஹெட்போனில் தனியாகக் கேட்டால் புல்லரிக்கிறது. டிரம்ஸோடும் பேஸோடும் சேர்த்தால் சுருங்கிவிடுகிறது. போன் ஸ்பீக்கரில் பாதி காணாமலே போகிறது. நல்ல ப்ளகின் இல்லாததுதான் குறையா? ரிவர்பை, அதாவது அறை எதிரொலியை, இன்னும் கூட்ட வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

ப்ளகினில் குறை இல்லை. உங்களிடம் கருவிகள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பெரிய ஒலி வேறு, அகலமான ஒலி வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே திருகில் தேடுகிறீர்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் போகும் ஒலியில் உள்ள வித்தியாசம்தான் அகலம். சுரங்கள் எந்த ஸ்தாயிகளில் எப்படிப் பரவியிருக்கின்றன, அதற்கு முந்தைய நொடி வரை என்ன ஒலித்துக்கொண்டிருந்தது, இவைதான் ஒலியைப் பெரிதாக்குகின்றன.

முதலில் போனில் காணாமல் போவதைப் பார்ப்போம். எந்த ஸ்டீரியோ ஒலியையும் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கலாம். இரு பக்கத்துக்கும் பொதுவானது நடுப்பகுதி, இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பக்கப்பகுதி. இடதும் வலதும் கூடி மோனோ ஆகும்போது பக்கப்பகுதி முழுவதுமாகக் கழிந்துவிடும், நடு மட்டும் மிஞ்சும். இது தோராயமாக நடப்பதில்லை, கணக்கு அப்படித்தான். ப்ளகினில் 200 சதவீதம் வைக்கும்போது பக்கத்தை ஏற்றுகிறீர்கள், ஒப்பீட்டில் நடு மெலிகிறது. ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவருக்கு அந்த மெலிந்த நடு மட்டும்தான் கிடைக்கிறது.

ஒரு பக்கத்தை மட்டும் சில மில்லி விநாடி தாமதிக்கும் வழக்கமும் உண்டு. இதற்கு ஹாஸ் விளைவு என்று பெயர். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் விளக்கியது. அவர் ஆராய்ந்தது பேச்சையும் அதன் எதிரொலியையும். குறுகிய இடைவெளியில் இரண்டு முறை வரும் ஒலியைக் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, முதலில் வந்த திசையை நம்புகிறது. ஹெட்போனில் இது அருமையாக விரியும். ஆனால் அதே ஒலியின் நகலை 10 மில்லி விநாடி தாமதித்து மோனோவில் கூட்டிப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், 150, 250 என்று வரிசையாக ஓட்டை விழும். சிந்தின் உடம்பே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

ஆகவே வித்தியாசத்தைக் கடைசியில் ப்ளகினால் உண்டாக்காதீர்கள். ஒலி பிறக்கும் இடத்திலேயே உண்டாக்குங்கள். ஒரே கார்டை இரண்டு தனித்தனி சிந்தில் வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். இடதில் ஃபில்டர் கட்ஆஃப் (ஒலியை வெட்டத் தொடங்கும் எல்லை) சற்றுக் கீழே இருக்கட்டும். வலதில் வேறு அலைவடிவம் இருக்கட்டும், ஒலியை மெதுவாக அசைக்கும் எல்எஃப்ஓவின் வேகமும் மாறட்டும். உண்மையிலேயே வேறான இரண்டு ஒலிகள் மோனோவில் கூடினாலும் ஒன்றையொன்று அழிப்பது குறைவு. அகலம் போகும், ஒலி போகாது.

இனி யூனிசன். 440 ஹெர்ட்ஸும் 443 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தோமே, அதேதான். குரல்களைச் சுருதியிலிருந்து சற்றே விலக்கும் டிட்யூனின் உயிர் அந்த அசைவில்தான் இருக்கிறது. ஆனால் டிட்யூனை சென்ட் கணக்கில் வைக்கிறோம், 100 சென்ட் சேர்ந்தால் ஒரு செமிடோன். இரண்டு குரலுக்கு இடையே 10 சென்ட் விலக்கம் வைத்தால் 440 ஹெர்ட்ஸில் விநாடிக்குச் சுமார் இரண்டரை விம்மல் வரும், இனிமையாக இருக்கும். அதே 10 சென்ட் 1760 ஹெர்ட்ஸில் விநாடிக்குப் பத்து, அது நடுக்கமாகக் கேட்கும். 55 ஹெர்ட்ஸிலோ மூன்று விநாடிக்கு ஒரு முறைதான். அதாவது பேஸ் மெதுவாக அமிழ்ந்து மெதுவாக எழும். கிக் விழும் நேரத்தில் அது அமிழ்ந்திருந்தால் அந்த அடியே வெறுமையாகிவிடும். உங்கள் டிராப் டிரம்ஸோடு சேரும்போது சுருங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. எனவே கீழ் ஸ்தாயிக்கு யூனிசனே வேண்டாம். டிட்யூன் இல்லாத ஒற்றை ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி), மோனோ, நடுவில். அகலமான லேயர்கள் எல்லாவற்றிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

இந்த வகை ஒலிக்கெல்லாம் மூலமான சூப்பர்சா, 1996இல் ரோலண்ட் ஜேபி-8000 சிந்தில் வந்தது. அதில் இருந்தவை ஏழு ரம்பப்பல் அலைகள்தான். நடுவில் ஒன்று சுருதியில் அப்படியே நிற்கும், மற்ற ஆறும் அதன் இருபுறமும் விலகும். அந்த ஆறும் எவ்வளவு கேட்கவேண்டும் என்பதற்கு ஒரு குமிழ், எவ்வளவு விலகவேண்டும் என்பதற்கு இன்னொரு குமிழ். நடு நிற்பதால் சுருதி தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் எட்டு லேயரில் பதினாறு பதினாறாக 128 குரல் போடும்போது எந்த விம்மலும் தனியாகத் தெரியாது, எல்லாம் கலந்து இரைச்சலை நெருங்கிவிடும். இன்னொன்று, ஒன்றோடொன்று ஒட்டாத 16 குரல் சேர்ந்தால் ஒற்றைக் குரலைவிட 12 டெசிபல் வரை சத்தம் கூடும். சத்தம் கூடினதைத்தான் நாம் பிரம்மாண்டம் என்று எடுத்துக்கொள்கிறோம். சத்தத்தைச் சமமாக வைத்து 16ஐயும் 7ஐயும் மாற்றிமாற்றிக் கேளுங்கள். எனக்கு ஏழுதான் பிடிக்கிறது, பல இடங்களில் ஐந்தே போதும்.

குரல்களே இல்லாமலும் அகலம் வரும். 1982இல் வந்த ஜூனோ-60 சிந்தில் ஒரு சுரத்துக்கு ஒரு ஆசிலேட்டரும் அதன் கீழே ஒலிக்கும் ஒரு துணை அலையும் (சப்)தான். அதன் கோரஸில் அசல் ஒலி இரண்டு பக்கமும் நிற்கும், அதோடு சேரும் தாமதம் இடதிலும் வலதிலும் எதிரெதிராக அசையும். அவ்வளவுதான், பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான ஒலி) அறை முழுக்க நிறைந்துவிடும். அசல் நடுவில் இருப்பதால் மோனோவிலும் தாங்கும்.

லேயர்களுக்கு வருகிறேன். எட்டும் ஒரே ஸ்தாயியில் ஒரே கார்டை வாசிக்கின்றன என்று ஊகிக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ச, க, ப மூன்றையும் நெருக்கி வாசிப்பதற்குப் பதிலாக க-வை மேல் ஸ்தாயிக்குத் தூக்கிப் பாருங்கள். கீழே ச, அதற்கு மேல் ப, அதையும் தாண்டி மேலே க. ஒரு ப்ளகினும் இல்லாமல் கார்ட் திறந்துகொள்ளும். பிறகு மூன்றே லேயர்: கீழே மோனோ பேஸ், நடுவில் அதிகம் விரியாத ஒரு சூப்பர்சா, மேலே நன்றாக விரிந்த மெல்லிய ஒன்று. மற்ற ஐந்தையும் ம்யூட் செய்யுங்கள். மனம் வராது, தெரியும். ஒவ்வொன்றையும் உருவாக்க எவ்வளவு நேரம் செலவழித்திருப்பீர்கள் என்பதும் புரிகிறது. ஆனாலும் செய்யுங்கள்.

டிராப்புக்கு முந்தைய எட்டு பாரும் இதே அளவு முக்கியம். 1983இல் முதலில் ஒலித்த, திரையரங்கு ஒலித்தரமான டிஎச்எக்ஸின் அடையாள ஒலி 'டீப் நோட்' தெரிந்திருக்கும். ஜேம்ஸ் மூரர் அதை முப்பது குரல்களில் செய்தார். தொடக்கத்தில் அத்தனை குரலும் 200க்கும் 400 ஹெர்ட்ஸுக்கும் இடையே, ஒரே ஸ்தாயிக்குள் முட்டிமோதி அலைகின்றன. பிறகு அங்கிருந்து பல ஸ்தாயிகளுக்கு வழுக்கிப் பரந்து ஒரே கார்டில் நிற்கின்றன. அந்த நெருக்கடி இல்லையென்றால் முடிவில் நிற்கும் கார்ட் இத்தனை பெரிதாகக் கேட்காது. டிராப்புக்கு முந்தைய அந்தப் பகுதியில், அதாவது பில்டப்பில், சிந்தை மோனோவாக்குங்கள், ஃபில்டரால் மூடுங்கள், ரிவர்பைக் குறையுங்கள். டிராப்பின் முதல் அடியில் மொத்தத்தையும் திறந்துவிடுங்கள்.

ரிவர்பைக் கூட்ட வேண்டாம். நீண்ட ரிவர்ப் ஒலியைப் பின்னால் தள்ளும், நீங்கள் கேட்பது முன்னால் வந்து நிற்கும் ஒலி. ரிவர்பைத் தனி சென்டில் (ஒலியின் ஒரு பங்கை அனுப்பும் தனித்தடம், சுருதி அளவான சென்ட் அல்ல) வையுங்கள், ப்ரீ-டிலே (ரிவர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) 20 முதல் 40 மில்லி விநாடி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. அந்த சென்டை ஒருமுறை ம்யூட் செய்து கேளுங்கள். அதுவரை ரிவர்ப் இருந்ததே அப்போதுதான் தெரியவேண்டும், அந்த அளவு போதும். எல்லாத் தடமும் வந்து சேரும் மாஸ்டரில் ஒரு மோனோ பொத்தானை வைத்து ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் தட்டிப் பாருங்கள். மூன்று லேயர் வடிவத்தை அனுப்புங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.